நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம்: போன் நம் இடத்தைக் கண்டுபிடிக்கும் விதமும் அதைச் சரியாகப் பயன்படுத்தும் வழியும்

போன மாரியில் ஒருநாள் பின்னேரம், திருகோணமலை உப்புவெளியில் ஒரு பார்சலோடு அலைந்துகொண்டிருந்தேன். வாங்கியவர் வட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பியிருந்தார். அது காட்டிய இடத்தில் வீடே இல்லை. வேலியில்லாத ஒரு வெறுங்காணி, நடுவில் பாழடைந்த கிணறு.

“தம்பி, எங்க நிக்கிறீங்கள்? நான் கேற்றடியில பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

“நீங்கள் அனுப்பின இடத்திலதான் அக்கா நிக்கிறன். இங்க கிணறு ஒண்டுதான் இருக்கு.”

“கிணறோ? அது பின் ஒழுங்கையெல்லோ!”

வீட்டுக்குள், கொங்கிறீற் தட்டுக்குக் கீழே, கட்டிலில் சாய்ந்தபடி அனுப்பியிருக்கிறார். பிறகு அவருடைய போனை வாங்கி, அதே கட்டிலடியில் திரும்ப அனுப்பிப் பார்த்தோம். அனுப்பும் பொத்தானுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: இத்தனை மீற்றர் வரை துல்லியம். அன்றைக்கு அது 60ஐத் தாண்டி நின்றது. போன் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. அந்த வரியை ஒருவரும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பார்சல் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் விஷயங்களை இங்கே எழுதுகிறேன். ஓட்டோ ஓடுபவர், ஒருநாள் படகில் தொழிலுக்குப் போகிறவர், பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று பார்க்க விரும்பும் அம்மா, எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: புள்ளியை விட்டு வட்டத்தைப் பாருங்கள்

கூகுள் மப்ஸைத் திறந்தால் நீலப் புள்ளி ஒன்று தெரியும். அதைச் சுற்றி மங்கலான நீல வட்டம் ஒன்றும் இருக்கும். ‘இந்த வட்டத்துக்குள் எங்கேயோ நீங்கள் நிற்கிறீர்கள்’ என்பதுதான் போன் சொல்லும் விஷயம். புள்ளி, வட்டத்தின் நடுவில் போட்ட அடையாளம் மட்டும். வட்டம் சிறியதென்றால் நம்பலாம். அது இரண்டு ஒழுங்கைகளை விழுங்குகிற அளவுக்குப் பெரியதென்றால், புள்ளி எந்த வீட்டில் விழுந்திருக்கிறது என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

இதை வாசித்து விளங்குவதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. வீட்டுக்குள் நின்று வட்டத்தின் அளவைப் பாருங்கள். முற்றத்துக்கு வந்து ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்புறம் ஒருநாள் பின்னேரம் கடற்கரைக்குப் போகும்போது மணலில் நின்று பாருங்கள். கண்ணெதிரே வட்டம் சுருங்கும். தலைக்கு மேல் முழு வானமும் திறந்திருக்கும்போது சாதாரண போன் ஒன்றின் பிழை ஏறத்தாழ 5 மீற்றர். அதைவிடத் துல்லியத்தைக் கையடக்கப் போனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பிறகு பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, அந்தத் தடித்த சுவர்களுக்கு இடையில் நின்று பாருங்கள். புள்ளி தடுமாறத் தொடங்கும். ஏன் என்று விளங்க, மேலே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

இரண்டாம் படி: செய்மதி நம்மைப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘செய்மதி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். என் பெரியம்மா இன்றைக்கும் முற்றத்தில் போனை எடுத்தால் மேலே ஒருதரம் பார்ப்பார். உண்மையில் ஜிபிஎஸ் செய்மதிக்கு நாம் இருப்பதே தெரியாது. அது தன் பாட்டுக்கு நேரத்தைச் சொல்லிக்கொண்டு சுற்றுகிறது. போன் அதைக் கேட்கிறது. பதிலுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை.

கொட்டியாரக் குடாவுக்கு மேலே மின்னல் வெட்டினால், முழக்கம் வரும்வரை எண்ணிப் பார்ப்போமே, மூன்று எண்ணினால் ஒரு கிலோமீற்றர் என்று. அதே கணக்குத்தான். செய்மதி சொன்ன நேரத்துக்கும் அது வந்துசேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் தூரம் தெரிந்துவிடும். ஒலிக்குப் பதில் இங்கே வானொலி அலை, ஒளியின் வேகம். ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. நேரே தலைக்கு மேலே இருக்கும் செய்மதியின் குரல் நம்மை அடைய ஒரு செக்கனில் 15இல் ஒரு பங்குதான் எடுக்கும். கணக்கில் ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீற்றர் பிசகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு செய்மதிக்குள்ளும் அணுக்கடிகாரம் வைத்திருக்கிறார்கள்.

நம் போனில் அணுக்கடிகாரம் இல்லை. மூன்று செய்மதிகள் கிடைத்தால் இடத்தைக் கணக்கிடலாம் என்றாலும், போனின் கடிகாரப் பிழையையும் சேர்த்துத் திருத்த நான்காவது ஒன்று வேண்டும். நான்குக்கு மேல் எத்தனை கிடைக்கிறதோ அத்தனை நல்லது. இப்போதைய போன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கின்றன. இந்தியாவின் நவிக் நம் தீவுக்கு மேலேயும் கேட்கும், ஆனால் அதைக் கேட்கத் தெரிந்த போனாக இருக்க வேண்டும்.

கோட்டை வாசலுக்குத் திரும்புவோம். கருங்கல், கொங்கிறீற், தகரக் கூரை எல்லாம் இந்த மெல்லிய அலையை மறிக்கும். ஓட்டு வீட்டுக்குள் கொஞ்சம் இறங்கும். இன்னொரு தொல்லை, எதிரொலி. அலை நேரே வராமல் பாறையிலோ உயர்ந்த சுவரிலோ பட்டுத் திரும்பி வந்தால் அது நீண்ட வழியில் வந்ததாகிவிடும்; போன் அந்தச் செய்மதி தொலைவில் இருப்பதாக நினைத்துப் புள்ளியைத் தள்ளி வைக்கும். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் வெறும் வானமுமாக இருக்கும் இடத்தில் புள்ளி கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

நம் ஊருக்கென்றே இன்னொரு விஷயமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு மிகக் கிட்டவாகப் போகிறது. பொழுது பட்டுச் சில மணி நேரம், வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றப்பட்ட படலம் இந்தப் பக்கங்களில் கொந்தளிக்கும், சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகமாக. அந்த நேரங்களில் இடம் கொஞ்சம் ஆடலாம். இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் போன் இதை ஓரளவு சமாளிக்கும். புதுப் போன் வாங்கும்போது விபரத்தாளில் ‘இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வசதியோடு முதல் போன் வந்தது 2018இல்.

மூன்றாம் படி: வைஃபையையும் டவரையும் புரிந்துகொள்ளுங்கள்

வானம் தெரியாத இடத்திலும் போன் ஏதோ ஒரு இடத்தைக் காட்டுகிறதே, எப்படி? அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களை வைத்துத்தான். ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கென்று ஓர் அடையாள எண்ணைத் தெருவுக்குக் கத்திக்கொண்டே இருக்கும். எந்த எண் எந்த இடத்தில் கேட்கிறது என்று கூகுளும் அப்பிளும், தெருவில் போகும் லட்சக்கணக்கான போன்களின் உதவியோடு பெரிய பட்டியல் வைத்திருக்கின்றன. உங்கள் போன் ‘எனக்கு இந்த ஐந்து ரவுட்டர்கள் கேட்கின்றன’ என்றால், ‘அப்படியென்றால் நீ இந்த ஒழுங்கையில்’ என்று பதில் வரும். உள்நுழைய வேண்டியதில்லை, கடவுச்சொல்லும் வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.

இதில் ஒரு வேடிக்கை. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வீடு மாறியபோது ரவுட்டரையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தோம். அயலில் வேறு ரவுட்டர் இல்லாத வீடு. சில நாட்களுக்கு, வீட்டுக்குள் மப்பைத் திறந்தால் நல்லூரில் நிற்பதாகவே காட்டியது. முற்றத்துக்கு வந்தால் திருகோணமலை, உள்ளே போனால் நல்லூர். பட்டியல் புதுப்பிக்கப்பட்டதும் தானாகச் சரிவந்தது.

டவர் மூலம் கிடைக்கும் இடம் இன்னும் பருமட்டானது. டவர்கள் நெருங்கிய நகரத்தில் சில நூறு மீற்றர், வயல்வெளியில் கிலோமீற்றர் கணக்கு. பழைய 2ஜியில் ஒரு நுணுக்கம்: போனின் அலை எவ்வளவு பிந்தி வருகிறது என்று டவர் அளக்கும். ஒரு படி சுமார் 550 மீற்றர், மொத்தம் 64 படிகள். பெருக்கிப் பாருங்கள், 35 கிலோமீற்றர். அதற்கு அப்பால் போன படகுக்குச் சிக்னல் பலமாக இருந்தாலும் சாதாரண 2ஜி டவர் இணைப்புக் கொடுக்காது.

ஒன்றை மறக்க வேண்டாம். லொகேஷனை அணைத்துவிட்டாலும், சிம் வேலைசெய்யும்வரை நீங்கள் எந்த டவரடியில் இருக்கிறீர்கள் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். தெரியாமல் அழைப்பைக் கொண்டுவந்து கொடுக்க முடியாதே.

செய்ய வேண்டியது: அன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் லொகேஷன் பகுதிக்குப் போய், வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் இரண்டையும் பாருங்கள். வைஃபையை அணைத்து வைத்தாலும் இவை திறந்திருந்தால் போன் அயல் ரவுட்டர்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் இடம் சரியாக வேண்டுமென்றால் திறந்து வையுங்கள். மடிக்கணினி கொழும்பில் நிற்பதாகக் காட்டினால், அது இணைய இணைப்பின் முகவரியை மட்டும் வைத்து ஊகிக்கிறது. அதைத் திருத்த மினக்கெட வேண்டாம்.

நான்காம் படி: லொகேஷனை ஒழுங்காக அனுப்புங்கள்

கேற்றடிக்கு வாருங்கள். வட்ஸ்அப்பில் லொகேஷனைத் திறந்து, அந்தச் சின்ன எழுத்து வரியில் எண் இறங்கும்வரை பொறுங்கள். 10 அல்லது அதற்குக் கீழ் வந்ததும் அனுப்புங்கள். அரை நிமிட வேலை. கூடவே ஒரு வரி எழுதுங்கள்: ‘பச்சைக் கேற், முன்னுக்கு வேம்பு’. பார்சல்காரன் உங்களை வாழ்த்துவான்.

வழியில் வரும் ஒருவருக்கு ‘நேரலை லொகேஷன்’ கொடுக்கும்போது 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று தெரிவுகள் வரும். பழக்கதோஷத்தில் 8 மணியைத் தட்டிவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய. வேலை முடிந்ததும் நிறுத்துங்கள்.

ஆபத்தில் 119க்கோ 1990 அம்புலன்ஸுக்கோ அழைக்கும்போது போன் இடத்தைத் தானாகச் சொல்லிவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். பக்கத்துச் சந்தி, கோவில், பள்ளிக்கூடம் என்று வாயால் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: எண்களை வாசிக்கப் பழகுங்கள்

மப்பில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். கோணேசர் கோவிலடியில் அழுத்தினால் 8.58, 81.24 என்று தொடங்கும். முதல் எண் அகலாங்கு, இரண்டாவது நெட்டாங்கு. ஒழுங்கு மாறக்கூடாது. மாற்றிப் போட்டால் மப் உங்களை வடதுருவத்துக்குக் கிட்ட, பனிக்கடலுக்குள் கொண்டுபோய் இறக்கும். நான் இறங்கியிருக்கிறேன்.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை தானம் வேண்டும்? இரண்டு தானம் என்றால் ஒரு கிலோமீற்றர் அளவு, நான்கு என்றால் 11 மீற்றர், ஐந்து என்றால் சுமார் ஒரு மீற்றர். வீட்டுக்கு ஐந்து போதும். அதற்கு மேல் வரும் இலக்கங்களை அழகுக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

தொழிலுக்குப் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் பாகையும் கலையுமாகக் (ஒரு பாகைக்கு 60 கலை) காட்டும்: 8 பாகை 34.9 கலை. போன் காட்டுவது பாகையின் தசமம்: 8.5817. இரண்டும் ஒரே இடம். 34.9ஐ 60ஆல் பிரித்தால் 0.5817 வருகிறதா, சரி. பிரிக்காமல், கருவியில் பார்த்ததை 8.349 என்று போனில் போட்டால், ஏறக்குறைய 26 கிலோமீற்றர் தெற்கே, கொட்டியாரக் குடாவையும் தாண்டிப் போய் நிற்பீர்கள். மீன் கிடைத்த பாரின் (கடலடிப் பாறைத்திட்டின்) எண்ணை ஒருவருக்கு அனுப்பும்போது, அது எந்த முறையில் எழுதியது என்றும் சேர்த்து எழுதுங்கள். அகலாங்கில் ஒரு கலை ஒரு கடல்மைல், 1.852 கிலோமீற்றர் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆறாம் படி: சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகுமுன்

டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ்ஸும் இல்லை என்பது இன்னொரு பிழையான நம்பிக்கை. செய்மதிக்கு டவர் தேவையில்லை. இல்லாமல் போவது மப்பின் படம்தான். நீலப் புள்ளி இருக்கும், அதைச் சுற்றி வெறும் சாம்பல் நிறம்.

ஆகவே வீட்டில் வைஃபை இருக்கும்போதே, கூகுள் மப்ஸில் உங்கள் படத்தைத் தட்டி, ‘ஓஃப்லைன் மப்ஸ்’ பகுதிக்குப் போய், குச்சவெளியிலிருந்து வெருகல் வரை ஒரு சதுரம் பிடித்து இறக்கி வையுங்கள். புறப்படுமுன் டேட்டாவைத் திறந்து ஒரு தடவை இடத்தைப் பிடிக்க விடுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு செய்மதியும் தன் பாதை விபரத்தை 30 செக்கனுக்கு ஒரு தடவை மெதுவாகச் சொல்லும். எல்லாச் செய்மதிகளின் பட்டியலையும் சொல்லி முடிக்க 12.5 நிமிடம் எடுக்கும். இணையம் இருந்தால் போன் அதையெல்லாம் ஒரு நொடியில் இறக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் நடுக்கடலில் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

பிறகு போனை விமான நிலையில் (எயார்பிளேன் மோட்) போடுங்கள். டவரைத் தேடித் தேடித்தான் பற்றரி சாகிறது. விமான நிலையிலும் ஜிபிஎஸ் வேலைசெய்யும். புறாமலைக்குப் போய்வரும் பயணிக்கு இவ்வளவு போதும். தொழிலுக்குப் போகும் படகில் போனை மட்டும் நம்ப வேண்டாம். உப்புத்தண்ணி ஒருதரம் பட்டால் முடிந்தது. கருவியும் வானொலியும் தனியாக இருக்கட்டும்.

திசைகாட்டி பற்றி ஒரு சொல். புள்ளியிலிருந்து விரியும் ஒளிக்கற்றை பிழையான பக்கம் பார்த்தால், போனை எட்டு வடிவில் நாலைந்து தரம் ஆட்டுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் உறையைக் கழற்றுங்கள். காந்தப் பூட்டு வைத்த உறைதான் பெரும்பாலும் குற்றவாளி.

ஏழாம் படி: யாருக்குத் தெரிய வேண்டும் என்று நீங்கள் முடிவெடுங்கள்

ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கருவி வைத்து அறியும் ஆசை புதிதல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுகூடத்தில், 1990களின் தொடக்கத்திலேயே பணியாளர்கள் சட்டையில் ஒரு சின்னப் பட்டையைக் குத்திக்கொண்டு திரிந்தார்கள். அது அகச்சிவப்பு ஒளியில் அடையாளம் சொல்லும். ஆள் எந்த அறையில் இருக்கிறாரோ அங்கேயுள்ள தொலைபேசிக்கு அழைப்பைத் திருப்பிவிடலாம். சிலர் மகிழ்ந்தார்கள், சிலருக்கு எரிச்சல். இன்றைக்கும் அதே இரண்டு கட்சிதான்.

செட்டிங்ஸில் எந்தச் செயலிக்கு லொகேஷன் அனுமதி இருக்கிறது என்று ஒருதரம் இறங்கிப் பாருங்கள். டோர்ச் லைட்டுக்கு நீங்கள் நிற்கும் இடம் எதற்கு? மப்புக்கும் ஓட்டோச் செயலிக்கும் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ போதும். வானிலைச் செயலிக்குத் துல்லியம் வேண்டாம். ஐபோனில் 2020இலிருந்தும் அன்ட்ரொய்டில் 2021இலிருந்தும் ‘ஏறத்தாழ’ என்ற தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

கமெராவில் எடுத்த படத்துக்குள்ளும் இடம் ஒளிந்திருக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டில் பிள்ளைகளைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்திருங்கள்.

தொலைந்தால் தேடிப் பிடிக்கவென்று திறப்புக்கோர்வையில் மாட்டும், அப்பிளின் எயார்டாக் மாதிரியான வில்லைகளுக்குள் ஜிபிஎஸ் கிடையாது. அது புளூடூத்தில் முனகும். பக்கத்தால் போகும் யாரோ ஒருவருடைய ஐபோன் அதைக் கேட்டு, தன் இடத்தைச் சேர்த்து அனுப்பும். ஆகவே வெளிநாட்டுக்காரர் நிறைந்த நிலாவெளிக் கடற்கரையில் தொலைந்தால் நல்லாகக் கண்டுபிடிக்கும். மூதூர் வயல்வரம்பில் விழுந்தால், ஐபோன்காரர் ஒருவர் அந்தப் பக்கம் வரும்வரை மௌனம்தான். இதே வில்லையை யாரும் உங்கள் கைப்பையில் ஒளித்துப் போடவும் முடியும் என்பதால், ‘அறியாத வில்லை ஒன்று உங்களோடு நகர்கிறது’ என்று போன் எச்சரித்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். அன்ட்ரொய்டிலும் அந்த எச்சரிக்கை திறந்திருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். பிள்ளையின் போனில் இடம் பார்க்கும் வசதியைப் போடுவதென்றால் பிள்ளைக்குச் சொல்லிவிட்டே போடுங்கள். ஒளித்துப் போட்டது ஒருநாள் தெரியவரும், அன்றைக்குப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகப் பழகிவிடுவாள்.

எட்டாம் படி: தொலையுமுன் செய்யுங்கள்

‘போனைத் தேடு’ வசதி இரண்டு வகைப் போனிலும் இருக்கிறது. தொலைந்த பிறகு அதைத் திறக்க முடியாது. இன்றைக்கே திறந்து, வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்து ஒருதரம் அழைத்துப் பாருங்கள். சத்தம் வருகிறதா, சரி. கடவுச்சொல் மறந்துபோயிருந்தால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும்.

தேடும்போதும் வட்டத்தை மறக்க வேண்டாம். ஒரு நண்பனின் போன் மத்திய பஸ் நிலையத்தில் தொலைந்தபோது, மப்பில் புள்ளி ஒரு கடைக்குள் விழுந்திருந்தது. அவன் நேரே போய்க் கடைக்காரரோடு கொழுவத் தொடங்கிவிட்டான். வட்டமோ பஸ் நிலையம் முழுவதையும் மூடியிருந்தது. போன் கடைசியில் அவன் வந்த பஸ்ஸின் சீற்றுக்குக் கீழே கிடந்தது. தெரியாத வீட்டில் புள்ளி நின்றால் தனியாகப் போகாமல் பொலிஸில் சொல்லுங்கள்.

அங்கே முதலில் கேட்பது போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண். *#06# அழுத்தினால் திரையில் வரும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். போனிலேயே சேமித்து வைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அது பால்காரன் கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் இருக்கிறது.